பேஜே பள்ளிக்கூடம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சியோலுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும், அரண்மனை, டவர், மார்க்கெட் எல்லாம் முடிந்த பிறகு ஒரு அரை நாள் அவர்களை ஜொங்டொங் பக்கம் நடக்க வைப்பது என் வழக்கம். தொக்சுகுங் அரண்மனையின் கல்மதிலை ஒட்டிப் போகும் தெரு. கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு சிவப்புச் செங்கல் கட்டடம் நிற்கும். அதைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான். நின்றபடியே பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

இது என்ன பள்ளிக்கூடம், யார் ஆரம்பிச்சது? முதல்ல சுருக்கமா சொல்லுங்க.

பேஜே உயர்நிலைப்பள்ளி. ஆண்கள் பள்ளி. 1885 ஆகஸ்ட் மாதம் ஹென்றி அப்பென்செல்லர் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரி தொடங்கியது. அப்போது அதன் பெயர் பேஜே ஹக்தாங். ஹக்தாங் என்றால் கல்விக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்கும் சிவப்புக் கட்டடம் அந்தப் பள்ளியின் பழைய வளாகத்தில் மிச்சமிருப்பது, இப்போது அருங்காட்சியகம். பள்ளி ஓடிக்கொண்டிருப்பது நகரத்தின் கிழக்குக் கோடியில், கங்டொங் வட்டாரத்தில்.

பேஜேன்னா என்ன அர்த்தம்? ஒரு இடத்துல "பாய் சாய்"னு இருக்கே, அது வேற பள்ளியா?

ஒரே பள்ளிதான். அந்தக் காலத்து அமெரிக்கர்கள் காதில் விழுந்ததை அவர்கள் எழுத்தில் எழுதிவைத்தது பாய் சாய் ஆகிவிட்டது, பள்ளியும் அந்தப் பழைய எழுத்தையே இன்றுவரை விடாமல் வைத்திருக்கிறது. கொரியர்கள் வாயில் பேஜே என்றுதான் வரும். டாக்ஸிக்காரரிடம் பாய் சாய் என்று சொன்னால் அவர் திரும்பிப் பார்த்து முழிப்பார்.

அர்த்தம், திறமையுள்ளவர்களை வளர்த்தெடுப்பது. சீன எழுத்துகள் நான்கு: வளர்த்தல், நல்ல மரம் போன்ற ஆள், கல்வி, கூடம். இரண்டாவது எழுத்துக்கு நேர்ப்பொருள் கட்டுமானத்துக்கு ஆகும் மரம். நல்ல மரத்தைத் தேர்ந்து வளர்ப்பது போல ஆட்களை வளர்ப்பது. இந்தப் பெயரை வைத்தது அப்பென்செல்லர் இல்லை, 1886ல் மன்னர் கோஜொங் கொடுத்தது.

ரெண்டே ரெண்டு பசங்களோட ஆரம்பிச்சதுன்னு படிச்சேன். கொஞ்சம் கதை விட்ட மாதிரி இருக்கே?

கதை இல்லை. அப்பென்செல்லர் 1885 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று இஞ்சொன் துறைமுகத்தில் இறங்கினார். அதே கப்பலில் அண்டர்வுட் என்ற, பிரெஸ்பிடீரியன் என்னும் இன்னொரு புராட்டஸ்டண்ட் சபையின் மிஷனரியும் வந்தார், அவர் தனியாள். அப்பென்செல்லருடன் கர்ப்பிணி மனைவி எல்லா. அதற்கு நாலு மாதம் முன்னால்தான் சியோலில் ஓர் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்து ரத்தம் சிந்தியிருந்தது, ஊர் இன்னும் அடங்கவில்லை, இந்த நிலையில் ஒரு வெளிநாட்டுப் பெண் உள்ளே போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தம்பதி நாகசாகிக்குத் திரும்பிப் போய் ஜூனில் மறுபடியும் வந்தார்கள்.

அதற்குள் ஸ்க்ராண்டன் என்ற மெதடிஸ்ட் டாக்டர் சியோலில் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார். அவரிடம் வைத்தியம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட இரண்டு இளைஞர்களுக்கு முதலில் இங்கிலீஷ் தேவைப்பட்டது. அவர்களை அப்பென்செல்லரிடம் அனுப்பிவைத்தார். அந்த இரண்டு பேர்தான் முதல் மாணவர்கள், ஒரு வீட்டின் அறைதான் முதல் வகுப்பு. ஆகஸ்ட் 3 என்பதைப் பள்ளியின் தொடக்க நாளாகச் சொல்வார்கள்.

மதம் பரப்ப வந்தவருக்குப் போய் ராஜாவே ஏன் பெயர் வச்சுக் குடுக்கணும்?

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான், எனக்குப் பிடித்த இடமும் இதுதான். அன்று ஜோசன் அரசு, அதாவது அந்தக் காலத்துக் கொரிய மன்னராட்சி, மதப் பிரசாரத்தை அனுமதிக்கவில்லை. அதற்கு முந்தைய தலைமுறையில்தான் கத்தோலிக்கர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டிருந்தார்கள். புதிதாக வந்த புராட்டஸ்டண்டுகளுக்குத் திறந்திருந்த வழி இரண்டு: ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். இரண்டுமே அரசுக்கும் தேவைப்பட்டன. அமெரிக்காவோடு 1882ல் ஒப்பந்தம் போட்டாயிற்று, தொடர்ந்து பிரிட்டன், ஜெர்மனி என்று வரிசையாக வந்தார்கள், அவர்களிடம் பேச ஆள் வேண்டும். மன்னருக்கு மொழிபெயர்ப்பாளர்கள் தேவை.

மாணவர்களுக்கு? உத்தியோகம். ஏன் இங்கிலீஷ் படிக்கிறாய் என்று கேட்டால் பதவி கிடைக்கும் என்பதுதான் பதிலாக வந்தது என்று அப்பென்செல்லரே எழுதியிருக்கிறார். ஆக ஒரு கூரைக்குக் கீழே மூன்று கணக்கு. மிஷனரிக்கு வேதம், மன்னருக்கு மொழிபெயர்ப்பாளர்கள், பையன்களுக்கு அரசு வேலை. மூன்று கணக்கிலும் இல்லாத ஒன்றுதான் கடைசியில் அங்கிருந்து வெளியே வந்தது. அதைக் கீழே அச்சகம், விவாதக் கழகம் பற்றிய கேள்விகளில் பாருங்கள்.

பெயர்ப்பலகை விஷயம்: மன்னர் தேர்ந்த நான்கு எழுத்துகளை அக்காலத்து எழுத்துக்கலைஞர் ஒருவர் எழுதி, மரத்தில் பொறித்து, வெளியுறவு அதிகாரி வழியாகப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. அரசு கொடுத்த பலகை வாசலில் தொங்கினால் ஊரில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். 1888ல் வெளிநாட்டுக்காரர்கள் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டுபோய்க் கொல்கிறார்கள் என்று சியோலில் ஒரு வதந்தி தீயாய்ப் பரவியது. அந்த மாதிரி நேரத்தில் அந்தப் பலகைக்கு என்ன மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, வகுப்புல என்ன சொல்லிக் குடுத்தாங்க? பைபிள் மட்டும்தானா?

இல்லவே இல்லை. இங்கிலீஷ், சீனச் செவ்வியல் நூல்கள், கணக்கு, புவியியல், உடலியல் எல்லாம் இருந்தன. சீன நூல்களை விட்டிருந்தால் ஒரு பையன்கூட வந்திருக்க மாட்டான், அதுதான் அன்று படிப்பு என்பதற்கே அர்த்தம். 1887ல் ஒரு மாடிகூட இல்லாத செங்கல் கட்டடம் ஒன்று எழுந்தது. தரைத்தளத்தில் வகுப்பறைகள், நூலகம், வழிபாட்டுக் கூடம், கீழே நிலவறையில் மாணவர்கள் வேலை செய்யும் பட்டறை.

அந்தப் பட்டறைதான் முக்கியம். பள்ளிச் சம்பளம் கட்ட முடியாத பையனுக்கு இனாமாகக் காசு கொடுப்பது அப்பென்செல்லருக்குப் பிடிக்காது. வேலை செய், கூலி வாங்கு, அதில் படி என்பதுதான் ஏற்பாடு. படித்த குடும்பத்துப் பையன் கையால் வேலை செய்வது கேவலம் என்று நினைத்த சமூகத்தில் இது சின்ன விஷயமில்லை. கன்ஃபூசியஸ் நூல்களை மனப்பாடம் செய்து வளர்ந்தவன் விரலில் அச்சு மையோடு வீட்டுக்குப் போனால் அம்மா என்ன சொல்லியிருப்பாள்?

பள்ளியின் குறிக்கோள் வாசகமும் இதையே சொல்கிறது: பெரியவனாக விரும்புகிறவன் பிறருக்கு ஊழியம் செய்ய வேண்டும். மத்தேயு சுவிசேஷத்திலிருந்து எடுத்து, எட்டுச் சீன எழுத்துகளாக மாற்றிக்கொண்டது.

பள்ளிக்கூடத்துக்குள்ள அச்சகம் எதுக்கு?

மேலே சொன்ன கூலி ஏற்பாட்டுக்கு ஒரு வேலை வேண்டுமல்லவா, அது ஒன்று. வேதத்தையும் பாடப்புத்தகங்களையும் அச்சடிக்க வேண்டியிருந்தது இன்னொன்று. சீனாவிலிருந்து வந்த ஓலிங்கர் என்ற மிஷனரி அச்சு வேலையை அமைத்துக்கொடுத்தார், பிறகு ஹல்பர்ட் என்ற அமெரிக்க மிஷனரி பொறுப்பேற்றார். அதன் பெயர் மும்மொழி அச்சகம். (நம் ஊர்க்காரர்கள் இந்த இடத்தில் தவறாமல் சிரிப்பார்கள். அந்த மும்மொழி இல்லை, இது கொரியம், சீனம், இங்கிலீஷ்.)

1896 ஏப்ரல் 7 அன்று இந்த அச்சகத்திலிருந்துதான் தொங்னிப் சின்முன், அதாவது சுதந்திரச் செய்தித்தாள், வெளிவந்தது. வாரத்தில் மூன்று நாள், நான்கு பக்கம், அதில் மூன்று பக்கம் சீன எழுத்தே கலக்காத ஹங்குல், அதாவது கொரியர்களின் சொந்த எழுத்து, ஒரு பக்கம் இங்கிலீஷ். சொற்களுக்கு நடுவே இடம் விட்டு அச்சடித்தார்கள். இன்று நமக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது, ஆனால் அதுவரை கொரிய மொழியை இடைவெளி இல்லாமல் ஒரே தொடராகத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பத்திரிகையில் வேலை பார்த்த பேஜே மாணவர் ஒருவர் ஜூ சிக்யொங். பின்னாளில் கொரிய இலக்கண ஆராய்ச்சிக்கே அடித்தளம் போட்டவர், ஹங்குல் என்ற பெயர் பரவியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

மாணவர்கள் விவாதக் கழகம் ஒண்ணு வச்சிருந்தாங்களாமே? பள்ளிக்கூடத்துப் பட்டிமன்றத்துக்கு ஏன் இவ்வளவு பில்டப்?

அதற்கு முன்னால் கொரியாவில் பொது இடத்தில் எழுந்து நின்று எதிர்க்கருத்து சொல்லும் பழக்கமே கிடையாது, அதனால்தான். சுதந்திரச் செய்தித்தாளை நடத்திய சோ ஜேபில், முன்பு சொன்ன 1884 கவிழ்ப்பு முயற்சியில் கலந்துகொண்டு அமெரிக்காவுக்குத் தப்பி ஓடி, அங்கே டாக்டராகி, அமெரிக்கக் குடிமகனாகவே திரும்பி வந்தவர். பேஜேயில் உலக வரலாறு, புவியியல், சபையை எப்படி நடத்துவது என்றெல்லாம் பேசினார். 1896 நவம்பர் 30 அன்று 13 மாணவர்கள் சேர்ந்து ஹியொப்சொங்ஹோ என்ற கழகத்தைத் தொடங்கினார்கள்.

முதல் தலைப்புகளைப் பாருங்கள். ஹங்குலையும் சீன எழுத்தையும் கலந்து எழுதலாமா? மாணவர்கள் மேற்கத்திய உடை போடலாமா? மனைவி, தங்கை, மகள் ஆகியோரைப் படிக்க வைக்க வேண்டுமா? தலைப்பாகப் பார்த்தால் சாதாரணம். ஆனால் தலைவர் அனுமதி கேட்டுப் பேசுவது, எதிராளி முடிக்கும்வரை காத்திருப்பது, கையைத் தூக்கி வாக்கெடுத்து முடிவுக்குக் கட்டுப்படுவது எல்லாம் மன்னராட்சியின் தலைநகரத்தில், அரண்மனை மதிலுக்கு நாலு எட்டு தள்ளி நடந்தது. 1898 தொடக்கத்தில் கழகம் ஒரு வாரப் பத்திரிகை போட்டது. அதுவே அந்த ஏப்ரலில் "மேயில் சின்முன்" (தினச் செய்தித்தாள்) என்ற பெயரில் கொரியாவின் முதல் தினசரியாக மாறியது. மன்னர் கேட்டது மொழிபெயர்ப்பாளர்கள், கிடைத்தது பத்திரிகைக்காரர்கள்.

கொரியாவோட முதல் நவீனப் பள்ளி இதுதானே?

இல்லை. இதைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். 1883லேயே வொன்சானில் உள்ளூர்க்காரர்கள் பணம் சேர்த்து வொன்சான் ஹக்சா என்று ஒரு பள்ளி தொடங்கிவிட்டார்கள். அதே வருடம் அரசும் இங்கிலீஷ் கற்றுத்தர தொங்முன்ஹக் என்று ஒன்றை வைத்தது. ஆக, பேஜே என்பது வெளிநாட்டு மிஷனரி தொடங்கிய முதல் நவீனப் பள்ளி. அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அண்டர்வுட் தொடங்கிய கியொங்ஷின் பள்ளியும் தன் தொடக்கம் 1885 என்றே சொல்கிறது. அண்டர்வுட் அந்த வருடம் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்ததை அவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். அவரது ஆதரவற்ற சிறுவர் இல்லம் 1886ல்தான் வந்தது. பள்ளி என்று தனியாக வைத்து நடத்தியதை எடுத்துக்கொண்டால் பேஜே முன்னால் நிற்கிறது என்பது என் அபிப்பிராயம். கியொங்ஷினில் படித்தவரிடம் இதைச் சொல்லாதீர்கள்.

பொண்ணுங்களுக்கு இடமே கிடையாதா?

பேஜேயில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பெண்களுக்கு பக்கத்திலேயே இஹ்வா. டாக்டர் ஸ்க்ராண்டனின் அம்மா மேரி ஸ்க்ராண்டன், ஐம்பது வயதைத் தாண்டிய விதவை, 1886ல் ஒரே ஒரு மாணவியோடு தொடங்கியது. மகன் ஆஸ்பத்திரி, அம்மா பள்ளிக்கூடம். பிறகு வளர்ந்து இஹ்வா மகளிர் பல்கலைக்கழகம் ஆனது. அப்பென்செல்லரின் மகள் ஆலிஸ், 1885 நவம்பரில் சியோலில் பிறந்தவர், கொரியாவில் பிறந்த முதல் அமெரிக்கக் குழந்தை என்று அவரைச் சொல்வார்கள். இஹ்வாவின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவரும் அவர்தான்.

தென்கொரியாவோட முதல் ஜனாதிபதி இங்கே படிச்சவராமே?

ஆமாம், சிங்மன் ரீ. சீனச் செவ்வியல் படித்து அரசுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தவர், 1894ல் அந்தத் தேர்வையே ஒழித்துவிட்டார்கள். நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டுபோய் பேஜேயில் சேர்த்தார். இங்கிலீஷ் மட்டும் போதும், மதம் வேண்டாம் என்றுதான் போனார். 1897 ஜூலையில் பள்ளி விழாவில் கொரியாவின் சுதந்திரம் என்ற தலைப்பில் இங்கிலீஷில் பேசினார். பிறகு அரசியலில் இறங்கி 1899ல் சிறைக்குப் போனார், 1904 வரை உள்ளே இருந்தார், அங்கேதான் கிறிஸ்தவரானார். 1948ல் ஜனாதிபதி, 1960ல் மாணவர்கள் தெருவில் இறங்கியதால் பதவி விலகி ஹவாய்க்குப் போனார். மாணவர் விவாதக் கழகத்தில் வளர்ந்தவரை மாணவர்களே இறக்கியதை நினைத்தால் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் பேஜே என்றால் ஜனாதிபதி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கொரியர்கள் பள்ளியிலேயே மனப்பாடம் செய்யும் கவிஞர் கிம் சோவோல் 1923ல் இங்கே படித்து முடித்தவர். கதாசிரியர் நா தோஹியாங், விடுதலைப் படைத் தளபதி ஜி சொங்சொன் ஆகியோரும் இங்கே படித்தவர்களே.

ஜப்பான்காரங்க ஆட்சில இந்தப் பள்ளி என்ன பண்ணிச்சு? எதிர்த்து நின்னுச்சா, வளைஞ்சு குடுத்துச்சா?

இரண்டும். நேர்மையாகப் பதில் சொன்னால் அதுதான். 1915ல் ஜப்பானிய ஆளுநர் அரசு தனியார் பள்ளிகளில் வேதப் பாடமும் வழிபாடும் கூடாது என்று விதி போட்டது, ஏற்கெனவே இருந்த பள்ளிகளுக்கு பத்து வருடம் அவகாசம். பிரெஸ்பிடீரியன் பள்ளிகள் பெரும்பாலும் முரண்டு பிடித்தன. பேஜே 1916லேயே அரசு அங்கீகாரம் பெற்ற உயர்நிலைப் பள்ளியாக மாறிக்கொண்டு, வேதத்தைப் பாட நேரத்துக்கு வெளியே வைத்துக்கொண்டது. மாணவர்களுக்கு மேற்படிப்புக்கும் வேலைக்கும் செல்லும் சான்றிதழ் வேண்டும் என்பது அவர்கள் வாதம். கோழைத்தனம் என்றவர்களும் உண்டு.

ஆனால் 1919 மார்ச் 1 விடுதலைப் போராட்டத்தில் பேஜே மாணவர்கள் தெருவில் இருந்தார்கள். அடுத்த வருடம் அதே நாளில் பள்ளிக்குள்ளேயே கோஷம் போட்டார்கள். அப்போது தலைமையாசிரியராக இருந்தது அப்பென்செல்லரின் மகன் ஹென்றி டாட்ஜ் அப்பென்செல்லர், சியோலில் பிறந்தவர். மாணவர்களை அடக்கவில்லை என்று அவர் பதவிக்குக் கொடுத்த அங்கீகாரத்தையே அரசு பறித்தது. பிறகு திரும்பி வந்து 1930களின் கடைசி வரை பள்ளியை நடத்தினார். அந்த 1930களில் ஜப்பானியரின் ஷிண்டோ மதக் கோயிலில் வணங்கச் சொல்லிக் கட்டாயம் வந்தபோது பியொங்யாங்கின் சூங்ஷில் பள்ளி முடியாது என்று 1938ல் மூடிக்கொண்டது, மெதடிஸ்ட் பள்ளிகள் இணங்கின, பேஜே உட்பட. மூடியிருக்க வேண்டுமா, தொடர்ந்திருக்க வேண்டுமா என்று கொரியர்கள் இன்றும் சண்டை போடுவார்கள். அந்த மூவர் கணக்கை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள், பள்ளி பிறந்ததே ஒரு சமரசத்தில்தான்.

அப்பென்செல்லர் கப்பல் மூழ்கி இறந்தார்னு சொன்னாங்க, உண்மையா?

உண்மை. 1902 ஜூன் 11. வேத மொழிபெயர்ப்புக் கூட்டத்துக்காக மொக்போவுக்குக் கடல் வழியாகப் போய்க்கொண்டிருந்தார். மேற்குக் கடலில் ஒச்சொங் தீவுக்கு அருகே, அவர் போன குமகாவா மாரு என்ற கப்பலும் இன்னொரு கப்பலும் இரவில் மோதிக்கொண்டன. தன்னோடு வந்த கொரியர்களைக் காப்பாற்றப் போனதில் இறந்தார் என்று சொல்கிறார்கள். வயது 44. உடல் கிடைக்கவில்லை. சியோலின் யாங்ஹ்வாஜின் வெளிநாட்டவர் கல்லறையில் அவர் பெயரில் நினைவுக்கல் இருக்கிறது, மகனும் மகளும் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

அந்த சிவப்புக் கட்டடம் 1885ல கட்டினதா?

இல்லை, 1916. கிழக்குக் கட்டடம் என்று பெயர். மேலே சொன்ன 1887 கட்டடம் இன்று இல்லை. கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், முகப்பில் கருங்கல் தூண்கள் தாங்கும் சிறிய வாசல் முன்கூடம், இரண்டு பக்கமும் ஒரே அளவில் வரிசையாக ஜன்னல்கள், அலங்காரம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. பள்ளிக்கூடம் கட்டச் சொன்னார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், அவ்வளவுதான். 2001ல் சியோல் நகரம் இதை நினைவுச்சின்னமாக அறிவித்தது, 2008ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

உள்ளே பார்க்க என்ன இருக்கு? கால் வலிக்குது, போகலாமா வேண்டாமா?

போங்கள், சின்ன இடம்தான். மன்னர் கொடுத்த பெயர்ப்பலகை, பழைய வகுப்பறை மாதிரி மரப்பெஞ்சு போட்டு அமைத்த ஓர் அறை, கிம் சோவோல் உயிரோடு இருந்தபோது வந்த ஒரே கவிதைத் தொகுப்பின் 1925 முதல் பதிப்பு. அப்புறம் ஒரு பியானோ. ஜெர்மனியின் புளூத்னர் கம்பெனி செய்த பெரிய கச்சேரிப் பியானோ, 1930களில் இளைய அப்பென்செல்லர் பள்ளியின் பெரிய கூடத்துக்காக வரவழைத்தது. கொரிய அரசு பாரம்பரியச் சொத்தாகப் பதிவு செய்திருக்கிறது. நான் கூட்டிப்போன குழந்தைகள் எல்லாம் அந்த வகுப்பறையில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள், பெரியவர்கள் பியானோ முன்னால் நின்றார்கள், பெயர்ப்பலகையை நானாகக் கையைப் பிடித்து இழுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

வெளியே ஒரு பழைய மரம், அதுல ஆணி அடிச்சிருக்கே, அது என்ன?

கொரியாவில் ஹ்யாங்னமு என்பார்கள், மணமுள்ள ஜூனிபர் மரம். ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆனது என்கிறார்கள். 1592ல் ஜப்பானியர் படையெடுத்தபோது கத்தோ கியொமாசா என்ற தளபதி தன் குதிரையைக் கட்ட அந்த ஆணியை அடித்தார் என்பது ஊர்க்கதை. எனக்கு நம்பிக்கை இல்லை. நானூறு வருடத்தில் வளரும் மரம் ஆணியை விழுங்கியிருக்க வேண்டாமா? ஆனால் மரம் நிஜம், மன்னர் பலகைக்கும் மிஷனரிக்கும் முன்பிருந்தே அங்கே நிற்கிறது. பட்டை முறுக்கிக்கொண்டு கயிறு மாதிரி இருக்கும், தொட்டுப் பாருங்கள்.

பள்ளி ஏன் இடம் மாறிச்சு? பழைய இடத்துல மிச்சம் எல்லாம் எங்கே போச்சு?

1984ல் ஹான் ஆற்றுக்குத் தெற்கே கோதொக்டொங்குக்குப் போனது. பேஜே மட்டும் இல்லை. 1970களிலிருந்தே சியோலின் மையத்தில் இருந்த பேர்பெற்ற பள்ளிகளை ஆற்றுக்குத் தெற்கே நகர்த்துவது அரசின் கொள்கை. நல்ல பள்ளி போனால் பெற்றோர் போவார்கள், பெற்றோர் போனால் நகர மையத்தில் நெரிசல் குறையும். கங்நாம் பக்கம் வீட்டு விலை இன்று இந்த நிலையில் இருப்பதற்கு அந்தப் பள்ளிகளும் ஒரு காரணம்.

பழைய இடத்தில் ஒரு பகுதியில் இப்போது ரஷ்யத் தூதரகம். இன்னொரு பகுதியில் பேஜே பெயரிலேயே அலுவலகக் கட்டடம். நடுவில் ஒரு சின்னப் பூங்கா, அருங்காட்சியகம், மேலே சொன்ன மரம். பையன்கள் பந்து விளையாடிய மைதானம் எங்கே என்று கேட்காதீர்கள். தூதரகச் சுவரைக் கையால் காட்டுவேன், அவ்வளவுதான், காவலுக்கு நிற்பவர் முறைப்பார்.

தேஜொன்ல பேஜே பல்கலைக்கழகம்னு ஒண்ணு இருக்கே, அதுதான் இந்தப் பள்ளி வளர்ந்து ஆனதா?

இஹ்வா மாதிரி பள்ளியே வளர்ந்து பல்கலைக்கழகமானது என்று நினைக்க வேண்டாம். ஒரே கல்வி அறக்கட்டளையின் கீழ் இருக்கும் வேறொரு நிறுவனம். சியோலிலிருந்து ரயிலேறித்தான் போக வேண்டும். அருங்காட்சியகம் தேடி தேஜொனில் போய் இறங்கியவரை எனக்குத் தெரியும்.

இப்போ அது எப்படிப்பட்ட பள்ளி? யார் வேணும்னாலும் சேரலாமா?

இப்போது தன்னாட்சித் தனியார் உயர்நிலைப்பள்ளி என்ற வகை. பாடத்திட்டத்தில் கொஞ்சம் சுதந்திரம், வீட்டுக்குப் பக்கம் என்று தானாக ஒதுக்கப்படாமல் விண்ணப்பித்துச் சேர வேண்டும். 2021லிருந்து கொரியாவில் சாதாரண உயர்நிலைப்பள்ளி முழுக்க இலவசம், இந்த வகைக்கு அது கிடையாது, கட்டணம் கட்டியாக வேண்டும்.

2019ல் சியோல் கல்வி அலுவலகம் பேஜே உட்பட எட்டுப் பள்ளிகளின் அந்தஸ்தை ரத்து செய்ய முடிவெடுத்தது. பள்ளிகள் கோர்ட்டுக்குப் போயின, 2021 பிப்ரவரியில் பேஜேக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. இந்த வகைப் பள்ளிகளையே 2025ல் ஒழித்துவிடுவது என்ற திட்டத்தையும் 2024 தொடக்கத்தில் அரசு கைவிட்டது. பணக்காரப் பள்ளி, ஏழைப் பள்ளி என்று பிரிக்கிறார்கள் என்பது எதிர்ப்பவர்கள் வாதம். வேலை செய்து படி என்று தொடங்கிய பள்ளி என்பதால் எனக்கும் அந்த வாதம் கொஞ்சம் உறைக்கிறது. படிப்பைத் தவிர அங்கே ரக்பிக்கும் பேஸ்பாலுக்கும் நல்ல பேர் உண்டு. யாங்ஜொங் பள்ளியோடு ரக்பி ஆட்டம் என்றால் பழைய மாணவர்கள் தாத்தா வயதிலும் வந்து கத்துவார்கள்.

ரெண்டு இடத்தையும் ஒரே நாள்ல பார்த்துடலாமா?

பார்க்கலாம், ஆனால் புதிய வளாகம் ஓடிக்கொண்டிருக்கும் பள்ளி, கேட்டுக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. சுரங்க ரயில் 5ஆம் தடத்தில் கோதொக் பக்கம் இறங்க வேண்டும், நகர மையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டால் அந்த நேரத்தை ஜொங்டொங்கிலேயே செலவழியுங்கள். நகர மண்டப ஸ்டேஷனில் இறங்கி, கல்மதிலை ஒட்டி நடந்தால் முதலில் அப்பென்செல்லரின் சபை 1897ல் கட்டி முடித்த ஜொங்டொங் மெதடிஸ்ட் தேவாலயம் வரும், அதுவும் சிவப்புச் செங்கல்தான், எல்லோரும் அதையே பள்ளி என்று நினைத்து போட்டோ எடுத்துவிடுவார்கள். அதைத் தாண்டிப் பக்கத்துச் சந்தில் ஏறினால்தான் பள்ளிக் கட்டடம். கிளம்பும் முன் திறந்திருக்கும் நாள்களை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.